யோகேஸ்வரியின் பெயரில் நான் வரைந்த சுவர்

வட்டவளையிலிருந்து ஹட்டனுக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால், நான் கட்டியதைப் பார்க்காமல் ஊர் போய்ச் சேர முடியாது. வளைவில் நிற்கிற கருங்கல் அணைச்சுவர் நான் கட்டியது. அந்தோனியார் கோயிலுக்கு ஏறுகிற படி நான் கட்டியது. மேல்பிரிவு மாரியம்மன் கோயில் தண்ணீர்த் தொட்டி, வேலைக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பராவின் பின்சுவர், பல தோட்டங்களில் தொழிலாளர் குடியிருக்கிற லயங்களுக்குப் பின்னால் மண் சரியாமல் பிடித்துக்கொண்டிருக்கிற சுவர்கள், நான் குடியிருக்கிற வீடு, அந்த வீடு நிற்பதற்கு நிலமே இல்லாத சரிவில் உண்டாக்கிய நிலம், எல்லாம் என் வேலை. படித்தது தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு. அப்பாவுக்கு இடுப்பு போன வருஷத்தோடு அதுவும் நின்றது. பின்னால் ஆள் இல்லை, சிபாரிசு இல்லை. இத்தனை மழைக்கும் நான் கட்டிய ஒரு சுவராவது வயிறு தள்ளி நிற்கிறதா என்று யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.

இவ்வளவையும் முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அறுபது வயதில் கல்லூரிக்குப் போனவனை, ஒன்றும் தெரியாதவன் என்று நினைத்துவிடுவீர்கள்.

1. ஆலோசனை கேட்கப் போனது

அதே கல்லூரியில் முப்பது சொச்சம் வயதில் ஒருமுறை மாலை வகுப்பில் சேர்ந்திருந்தேன். முதல் தவணை முடிவதற்குள் பெருமழை வந்தது. ஊரெல்லாம் சுவர் விழுந்தது. வேலை குவிந்தது. படிப்பை விட்டுவிட்டேன். வருத்தப்படவில்லை. சுவர் கட்டுகிறவனுக்கு மழைக்காலம்தான் பெருநாள்.

திரும்பிப் போக வைத்தது ஒரு கையெழுத்து. இப்போதெல்லாம் வீட்டுத் திட்டங்களில் அணைச்சுவர் எழுப்பினால், அது ஒழுங்காக எழுந்தது என்று டிப்ளோமா உள்ள ஒருவர் கையெழுத்து வைக்க வேண்டும். நான் கட்டுவேன். சப்பாத்தில் சேறு படாத ஒருவர் வந்து, என்னிடமே விவரம் கேட்டு, கையெழுத்து வைத்துவிட்டுப் போவார். திறப்பு விழாக் கல்லில் அவர் பெயர் இருக்கும். என் பெயருக்கு அந்தக் கல்லில் இடமிருக்காது. இதை வீட்டில் தினமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"கையெழுத்துதானே? நீங்களும் போய்ப் படிச்சுட்டு வந்து வைங்களேன். வீட்டுல உக்காந்து கத்துறதுக்கு அது எவ்வளவோ மேல்" என்றாள் என் மனைவி மரியா. கேலியாகத்தான் சொன்னாள். நான் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

வேலை அனுபவம் உள்ளவர்களை நேர்முகம் வைத்து எடுக்கிறார்கள். கட்டட வேலை டிப்ளோமா, சனி ஞாயிறு வகுப்பு. ஞாயிறு பூசைக்குப் போகாததற்கு அந்தோனியார் கோயில் சுவாமியாரிடம் தனியாகப் பதில் சொல்லிக்கொண்டேன். சேர்ந்த அன்றே ஆபீஸ் கிளார்க், எனக்கென்று ஒரு படிப்பு ஆலோசகர் இருக்கிறார், எந்தப் பாடத்தை எப்போது எடுப்பது, எங்கே தடுமாறுகிறேன் என்பதையெல்லாம் அவரிடம்தான் பேச வேண்டும் என்று சொன்னார். எனக்கு ஆலோசனை சொல்லித்தான் பழக்கம், கேட்டுப் பழக்கமில்லை என்றேன். அவர் சிரித்துக்கொண்டே மாடிப்படியைக் காட்டினார்.

திலகவதி மிஸ் லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய அம்மா பென்ஷன் வாங்கும்வரை கொழுந்து எடுத்தவர். என் மகள் வயதுதான் இருக்கும். மேசையில் ஒரு கேத்தல், கதிரையில் நனைந்த குடை. என் போனில் இருந்த சுவர்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவசரப்படாமல் எல்லாவற்றையும் பார்த்தார். பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

"சுவரெல்லாம் நல்லா இருக்குங்க ஐயா. இதையெல்லாந்தான் கட்டிட்டீங்களே, இங்க எதுக்கு வந்தீங்க?"

"கையெழுத்து வைக்க."

"சரி, அப்ப கணக்குல இருந்து ஆரம்பிப்போம்."

நாலு பாடத்தையும் ஒன்றாக எடுக்கத்தான் போயிருந்தேன். முதல் தவணைக்கு இரண்டு போதும் என்றார். அதில் ஒன்று கணக்கு, அதுவும் அடிப்படைக் கணக்கு. எனக்குச் சுருக்கென்றது. எத்தனை கியூப் கல் வேண்டும் என்று மேட்டைப் பார்த்தே சொல்கிறவனுக்கு அடிப்படைக் கணக்கா என்று கேட்டேன். மேட்டைப் பார்த்துச் சொல்வதை எப்படிச் சொல்கிறேன் என்று பரீட்சைத் தாளில் எழுதிக் காட்ட முடியுமா என்று அவர் திருப்பிக் கேட்டார். முடியாது.

பிறகு என் வாரத்தைக் கேட்டார். திங்களன்று என்ன வேலை, புதனன்று என்ன வேலை என்று ஒவ்வொரு நாளாக.

"செவ்வாய்க்கெழம சாயந்தரம்?"

"சும்மாத்தான் இருப்பேன்."

"இனிமே அது சும்மா இல்லைங்க. அது கணக்குக்கு."

ஒன்று சொல்ல வேண்டும். படித்தவர்கள் என்னைப் போன்றவனிடம் பேசும்போது, படிப்பும் சுவர் மாதிரிதான், அத்திவாரம் வேண்டும், கல் மேல் கல் வைக்க வேண்டும் என்று ஆரம்பித்துவிடுவார்கள். திலகவதி மிஸ் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. கணக்கைக் கணக்கு என்றே சொன்னார். அதனால்தான் திரும்பிப் போனேன்.

2. பேசிவிட்டு எழுதுவது

எழுத உட்கார்ந்தால் எனக்குக் கை வராது. முதல் அறிக்கைக்கு, ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து என் பெயரையும் தலைப்பையும் மட்டும் எழுதியிருந்தேன். மிஸ் அந்தத் தாளைப் பார்த்தார். திட்டவில்லை.

"நீங்க பேச ஆரம்பிச்சா நிறுத்த முடியாதுன்னு கீழ கிளார்க் சொல்றாரு. அத ஏன் வீணாக்கணும்? போன்ல பேசுங்க. அப்புறம் போட்டுக் கேட்டுக் கேட்டு எழுதுங்க."

அப்படியே செய்தேன். சீமெந்துக் கலவை பற்றி நான் பேசியது முக்கால் மணி நேரம் ஓடியது. அதில் என் பெருமையை வெட்டிவிட்டால் இரண்டு பக்கம் வரும் என்றார். வெட்டினேன். மூன்று பக்கம் வந்தது, பாஸானேன். இந்தக் குறிப்பையும் அப்படித்தான் போனில் பேசுகிறேன். இதில் வெட்டவில்லை.

3. கூடையில் கொட்டியது

வகுப்பில் கடைசி வாங்கில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் யோகேஸ்வரி. நாற்பதைத் தாண்டியவள். ஹட்டனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் பில் போடுகிறாள். கலியாணத்தோடு விட்ட படிப்பை, பிள்ளைகள் வளர்ந்ததும் எடுத்தவள். அவளுக்கும் திலகவதி மிஸ்தான் ஆலோசகர். தலவாக்கலையில் ஒரு கட்டடக் கம்பனி, அந்தத் தவணையோடு டிப்ளோமாவை முடித்தால் சைட் சூப்பர்வைசர் வேலை தருவதாக அவளுக்குச் சொல்லியிருந்தது. முடிக்காவிட்டால் வேறு ஆளை எடுத்துக்கொள்வார்கள். அது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும்.

கடைசித் தவணையில் பெரிய வேலை ஒரு வரைபடம். நிஜமான ஒரு சரிவைப் பார்த்து, அதற்கு அணைச்சுவர் வரைய வேண்டும். பிளான், குறுக்குவெட்டு, தண்ணீர் போகிற வழி, எஸ்டிமேட். கம்பியூட்டர் கூடாது, கையால். முடித்த படத்தைச் சுருட்டி, பெயர் எழுதி, குறித்த வெள்ளிக்கிழமைக்குள் ஆபீஸில் இருக்கிற பெட்டியில் போட வேண்டும்.

அந்த வாரம் யோகேஸ்வரியின் அம்மா இறந்துபோனார். சாவு வீட்டுக்குப் போனேன். அவள் பாயில் சுருண்டு கிடந்தாள். என்னைப் பார்த்தாள், பேசவில்லை. நானும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து பலகையை விரித்து வரைய ஆரம்பித்தேன். அவள் எடுத்திருந்த சரிவு எனக்குத் தெரியும். ஒன்றாகப் போய்த்தான் அளந்தோம்.

தோட்டத்துக்கு வெளியே வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டும். கொழுந்து எடுக்கிற பெண்களுக்கு ஒரு நாள் சம்பளத்தைப் பேர் என்று சொல்வார்கள். குறித்த நிறை எடுத்தால் ஒரு பேர். குறைந்தால் அரைப்பேர். ஒருத்திக்குக் காய்ச்சல், அல்லது பிள்ளைக்குச் சுகமில்லாமல் பிந்தி மலைக்கு வந்தாள் என்றால், நிறுக்கப் போகும் முன்னே பக்கத்து நிரைக்காரிகள் ஆளுக்கொரு கை அள்ளி அவள் கூடையில் கொட்டுவார்கள். அவளுக்குப் பேர் விழ வேண்டும், அவ்வளவுதான். அவள் கேட்க மாட்டாள். இவர்களும் சொல்லிக்காட்ட மாட்டார்கள். என் அம்மா கூடையிலிருந்து போன கொழுந்தையும், அம்மா கூடைக்கு வந்த கொழுந்தையும் பார்த்து வளர்ந்தவன் நான்.

அதைத்தான் செய்தேன். என் படத்தைவிட அவள் படத்தை நன்றாகவே வரைந்தேன். அடுத்தவள் கூடையில் கொட்டும்போது முற்றல் இலையையா கொட்டுவோம்? வலது மூலையில் அவள் பெயரை எழுதி, வெள்ளிக்கிழமை என் படத்தோடு அதையும் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். அன்று பஸ்ஸில் பாட்டுப் போட்டிருந்தார்கள். கூடவே முணுமுணுத்துக்கொண்டு வந்தது ஞாபகம் இருக்கிறது.

4. எதை நிறுக்கிறார்கள்

எனக்குத் தெரியாத ஒன்று நடந்திருந்தது. சாவுச் செய்தி வந்த அன்றே திலகவதி மிஸ், கட்டட வேலைப் பகுதித் தலைவரிடம் போய் யோகேஸ்வரிக்குக் கூடுதல் நாள் வாங்கிவிட்டார். அப்படி ஒரு விதி இருக்கிறதாம். துக்க வீடென்றால் நாள் நீட்டுவார்கள். யோகேஸ்வரியும் படத்தை வரைந்துகொண்டுதான் இருந்தாள். எட்டாம் நாள் காரியம் முடித்து, தன் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஆபீஸுக்கு வந்தவளிடம், உங்கள் படம் வந்து, திருத்தி, புள்ளியும் போட்டாகிவிட்டது என்று கிளார்க் சொல்லியிருக்கிறார்.

இரண்டு பேரும் சேர்ந்து ஏமாற்றினோம் என்று பகுதித் தலைவர் முடிவுக்கு வந்தார். சனிக்கிழமை விசாரணை. இருவரையும் அந்தத் தவணையிலிருந்து நீக்குவது என்று பேச்சு. எனக்கு ஒரு தவணை போனால் போகட்டும், சுவர் எங்கேயும் போகாது. அவளுக்குத் தவணை போனால் தலவாக்கலை வேலை போகும்.

யோகேஸ்வரி மாடிப்படியில் என்னைப் பிடித்தாள்.

"அண்ணே, நான் உங்கள்ட்ட கேட்டனா?"

"கேக்கணுமா தங்கச்சி? நீ பாயில கெடக்கிற, நான் பாத்துக்கிட்டுப் பேசாம இருக்கிறதா?"

"நானும் வரைஞ்சிருக்கேன். அம்மாவ அடக்கம் பண்ணிட்டு வந்த கையோட வரைஞ்சது. அது ஒண்ணுதான் என்னைய உக்கார வச்சிருந்துச்சு. இப்ப அது நான் வரைஞ்சதுன்னு யாரு நம்புவாங்க, சொல்லுங்க?"

நேராக மேலே ஏறினேன்.

மிஸ் அறையில் போய் உட்கார்ந்தேன். கொழுந்துக் கதையைச் சொன்னேன். அவருக்குச் சொல்லத் தேவையில்லை, தெரியும். தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டுப் பேசினார். அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன். நான் கல்லூரியில் படித்தது இதுதான்.

"எங்கம்மா கூடையிலயும் கொட்டியிருக்காங்க ஐயா. அதுல பேர் வாங்கித்தான் நான் படிச்சேன். ஆனா மலையில நிறுக்கிறது கொழுந்த. யாரு எடுத்தாலும் நிறை ஒண்ணுதான், தேத்தூள் ஒண்ணுதான். இங்க நாங்க நிறுக்கிறது கொழுந்த இல்லைங்க. எடுக்கிற கைய. நாளைக்கு ஒரு லயத்துக்குப் பின்னால அந்தப் பிள்ள தனியா நின்னு, இந்தச் சுவர் நிக்கும், நிக்காதுன்னு சொல்லணும். அங்க நீங்க கொட்ட முடியுமா?"

நான் செய்தது பிழை என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். தராசு வேறு என்று தெரியாமல் போய்விட்டது.

5. வாசல் வாங்கு

பகுதித் தலைவர் கண்டிப்பானவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். படத்தை மேசையில் விரித்து, இதை வரைந்தது யார் என்று கேட்டார்.

"நான்தான் சேர். எத்தன புள்ளி போட்டீங்க?"

மிஸ் கண்ணை மூடிக்கொண்டார். எண்பது என்று பிறகு கிளார்க்கிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். என் பெயரில் போட்டதற்கு எழுபத்திரண்டு.

விதி விதிதான், இரண்டு பேரும் வெளியே என்றார் தலைவர். அப்போது மிஸ் பேசினார். குரலை உயர்த்தவில்லை. யோகேஸ்வரிக்கு நீட்டித்த நாள் இன்னும் முடியவில்லை, அவள் படம் அவள் கையில் இருக்கிறது, மற்றப் படம் அவளுக்குத் தெரியாமல் பெட்டிக்குப் போனது. அவளால் வரைய முடியுமா என்பதுதான் சந்தேகம் என்றால், இப்போதே, இங்கேயே, பலகையில் முதலிலிருந்து வரையச் சொல்லுங்கள். எதை வேண்டுமானாலும் கேளுங்கள். என் விஷயம் தனி என்றார். நான் போட்ட இரண்டு படத்துக்கும் பூச்சியம், அடுத்த தவணையில் வேறு சரிவை எடுத்து மறுபடி வரைய வேண்டும். இப்படிச் சொல்லி முடித்தார். என்னைக் கேட்காமலே என் எழுபத்திரண்டை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

தலைவர் யோசித்தார். அது சரி, ஆனால் நாளைக்கு வேறொருவர் இப்படிச் செய்தால் எப்படிக் கண்டுபிடிப்பது, எந்தப் படத்தில் எவருடைய கை இருக்கிறதென்று எப்படித் தெரியும் என்று மிஸ்ஸிடம் கேட்டார். அதற்குப் பதிலை நான்தான் சொன்னேன். இதைக் கவனமாகப் படியுங்கள்.

"சேர், மலையில யாரு யாருக்குக் கொட்டுனாங்கன்னு நிரையில எல்லாருக்கும் தெரியும், கங்காணிக்கும் தெரியும். இங்கதான் சொல்றதுக்கு எடமில்ல. மூலையில ஒரு பேர்தான் எழுதலாம். மொதப் பக்கத்துல ஒரு எடம் விடுங்க. யாரு என்ன உதவி செஞ்சாங்கன்னு அவங்கவங்களே எழுதட்டும். எடம் இருந்திருந்தா, வரைஞ்சது சவரிமுத்துன்னு நானே எழுதியிருப்பேன்."

தலைவர் அதைக் குறித்துக்கொண்டார். நான் பார்த்தேன்.

என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். வாசலில் ஒரு வாங்கு. கதவு முழுதாகச் சாத்தவில்லை. மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கி நடைபாதை வரைக்கும் வந்திருந்தது. உள்ளே சுண்ணக்கட்டிச் சத்தம். அத்திவாரம் எவ்வளவு ஆழம், கல் எந்த வாக்கில், எல்லாம் தலைவர் கேட்டார். சொன்னாள். பிறகு, சுவருக்குப் பின்னால் மழைத்தண்ணீர் தேங்கினால் என்ன செய்வாய் என்று கேட்டார்.

உள்ளே சத்தமில்லை.

எனக்கு விடை தெரியும். சுவரில் கீழிருந்து ஓட்டை விட்டு, பின்னால் சல்லி நிரப்ப வேண்டும். இரண்டு சொல்தான். கதவிடுக்கில் வாயை வைத்தால் முடிந்தது. கைகளை வாங்குக்கும் தொடைக்கும் நடுவில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். மிஸ் கதவோரம் வந்து நின்று என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கருங்கல் உடைப்பது, மழையில் மண் வெட்டுவது, எதுவும் எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை.

"மேல ஒரு கான் வெட்டுவேன் சேர்" என்றாள் யோகேஸ்வரி. "சுவருக்கு வர முந்தியே தண்ணிய அந்தக் கான்ல திருப்பி விடணும்."

"சுவர்ல ஓட்டை விட மாட்டீங்களா?"

"விடுவேன் சேர். ஆனா ஓட்டை அடைச்சுக்கிச்சுன்னு கடைக்கு வர்றவங்கதான் அதிகம். ஓட்டைய மட்டும் நம்பக் கூடாது."

அது என் விடை இல்லை. நான் வரைந்த படத்தில் மேலே கான் இல்லை. அவள் வரைந்த படத்தில் இருந்தது. எண்பது புள்ளிக்கு அவர்கள் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்கள் என்று அப்போது நினைத்தேன். வேறு யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

அவள் பாஸானாள். நான் சொன்னபடியே தலைவர் அவளுடைய படத்தின் முன்னால் ஒரு பக்கம் சேர்க்கச் சொன்னார். யார் என்ன உதவி என்று அவள் எழுதியதை மிஸ் எனக்குக் காட்டினார்:

கடை முதலாளி: குழாய் அளவுகள்.
திலகவதி மிஸ்: கூடுதல் நாள்.
சவரிமுத்து அண்ணன்: வாசலில் பேசாமல் இருந்தார்.

6. கடைசியாக

யோகேஸ்வரி இப்போது தலவாக்கலைக் கம்பனியில் சைட் சூப்பர்வைசர். போன மாதம் அவளுடைய சைட்டுக்கு நான் இறக்கிய கல்லில் பாதியைத் திருப்பி அனுப்பினாள். "அண்ணே, இது உருட்டுக் கல்லு, பிடிக்காது. வேற கொண்டாங்க" என்றாள், ஆட்கள் முன்னாலேயே. கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நான் ஒரு தவணை பிந்தி டிப்ளோமா எடுத்தேன். வேறு சரிவு, வேறு சுவர், மேலே கான். இப்போது நானே கட்டுகிறேன், நானே கையெழுத்து வைக்கிறேன். மரியா அந்தப் பத்திரத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறாள். மாட்டின நாளிலிருந்து வீட்டில் சத்தம் குறைந்திருக்கிறது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள்.

திரும்பிப் படிக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஆலோசகரிடம் உங்கள் பெருமையைக் காட்டுங்கள், தப்பில்லை. ஆனால் ஒரு காரியம் செய்யும் முன்னே அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்டிருந்தால், கூடுதல் நாள் வாங்கியாயிற்று என்று அவர் ஒரே வரியில் சொல்லியிருப்பார்.

இனி என் விஷயம். அந்தக் கல்லூரியில் இப்போது ஒவ்வொரு மாணவரும் தன் வேலையின் முன்னால் உதவிப் பக்கம் எழுதியாக வேண்டும். இந்த வருஷக் கையேட்டில் அதை விதியாக அச்சடித்திருக்கிறார்கள். பகுதித் தலைவர் கூட்டத்தில் அதைக் கொண்டுவந்ததாகவும், எல்லோரும் நல்ல யோசனை என்றதாகவும் கேள்விப்பட்டேன். கையேட்டை வாங்கிப் பார்த்தேன். உதவி செய்தவர் பெயரைக் கட்டாயம் எழுத வேண்டும் என்று சொல்கிற அந்தப் பக்கத்தில், அந்த யோசனையைக் கொடுத்தவன் பெயர் இல்லை.

விதியை நான் முதலில் கடைப்பிடிக்கிறேன். இந்தக் குறிப்புக்கு உதவியவர்கள்: போனில் நான் பேசியதை எழுத்தாக்கியது மருமகள். எனக்குக் கல் உடைக்கக் கற்றுத் தந்தது பொல்பிட்டியவில் பியசேன பாஸ் என்கிற மேசன். மேலே, 'பின்னால் ஆள் இல்லை' என்று சொன்னது அவரைத் தவிர்த்துத்தான். பேசாமல் இருக்கக் கற்றுத் தந்தது திலகவதி மிஸ்.

இனிக் கல்லூரி கடைப்பிடிக்கட்டும். அடுத்த பதிப்பில் அந்தப் பக்கத்தின் அடியில் மூன்று பெயர் வர வேண்டும். திலகவதி மிஸ் பெயர் முதலில் வரட்டும். படிப்பித்தவர் முதலில் வருவதுதான் முறை. யோகேஸ்வரி பெயர் அடுத்ததாக வரட்டும், அடிபட்டவள் அவள். மூன்றாவதாக அ. சவரிமுத்து, வட்டவளை. மூன்றாவதாக வருவதில் எனக்குக் குறையில்லை. எழுத்து மட்டும் மற்ற இரண்டு பெயரின் அளவிலேயே இருக்க வேண்டும். அளந்து பார்ப்பேன்.